தோற்க வந்தவரும் துக்க மணியும்

விதிகள் குறைவாக இருந்த காலத்தில் மனிதர்கள் எளிதாகத் தோற்றார்கள் என்று அட்டைப்போர் விதிப் பேரவையின் ஆண்டு மலர் வருத்தத்துடன் குறிப்பிடுகிறது. அந்த இருண்ட காலம் முடிந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. இன்று விதிநூல் மூன்று தொகுதிகளாக விரிந்து நிற்கிறது. நூற்பாக்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றுக்குப் பொழிப்புரை உண்டு. பொழிப்புரைக்கு விளக்கவுரை உண்டு. விளக்கவுரையைப் படித்துத் தெளிவடைந்தவர்களுக்காக மறுப்புரையும் உண்டு. பழம்பெரும் இலக்கண நூல்கள்கூடத் தமக்கு ஓர் உரையாசிரியர் வாய்ப்பதற்குச் சில நூற்றாண்டுகள் காத்திருந்தன. பேரவையிலோ உரை முதலில் எழுதப்பட்டு, அதற்கேற்ற நூற்பா பின்னர் தேடப்பட்டதும் உண்டு.

இப்பேரவை நடத்திய போட்டிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மின்தூக்கி பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் தோற்பதற்காக வந்து சேர்ந்தார்.

ஆட வேண்டியவர் அவர் மனைவி. மருத்துவமனையில் செவிலியர், மூன்று ஆண்டுகள் உழைத்து இந்தச் சுற்றுக்குத் தகுதி பெற்றவர். அன்று அவருக்கு மாற்றாக வர வேண்டிய செவிலியர் வரவில்லை. போட்டிக்கு வராதவரின் பெயர் பட்டியலிலிருந்து ஓராண்டுக்கு நீக்கப்படும். வந்து தோற்றவரின் பெயர் நிலைத்திருக்கும். நெருங்கிய உறவினர் ஒருவர் பதிலாக ஆடலாம் என்று நூற்பா எண்பத்தொன்று இரங்கியிருந்தது. ஆகவே மனைவி காலையில் வாசலில் நின்று, சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கணவருக்கு ஆட்டம் முழுவதையும் கற்றுக்கொடுத்தார்.

"நீங்க ஜெயிக்கல்லாம் வேணாம். போய் உக்காருங்க. கையில வர்ற கார்டை வரிசையா கீழ வைங்க. அரை மணி நேரத்துல தோத்துடுவீங்க."

"அவ்வளவு நேரம் ஆகுமா?"

"உங்களுக்குப் பத்து நிமிஷம் போதும். ஆனா ஒண்ணு. அந்த ஆமை பத்திரம். ஆமை இல்லாம வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க."

ஆமையைப் பற்றி அவர் அறிவார். மனைவியின் அறுபது அட்டைகள் கொண்ட ஆட்டக்கட்டில் அதுவே பழையது. கடைகளில் யாரும் கையால் தொடாத சாதாரண அட்டை. பெயர் கிழட்டு ஆமை. லாரி ஓட்டுநரான மாமனார், மகளுக்கு ஒன்பது வயதானபோது ஏதோ ஒரு நெடுஞ்சாலைக் கடையில் வாங்கி வந்தது. மகளுக்குப் பதின்மூன்று வயது நிறைவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அவருடைய பொருள் என்று வீட்டில் எஞ்சியிருந்தது அந்த ஆமை மட்டுமே. பதிவு செய்த கட்டில் ஓர் அட்டை குறைந்தாலும் ஆட்டம் செல்லாது என்பதால், அதையும் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று.

கட்டடத்தின் தரைத்தளத்தில் போட்டி மண்டபம். பச்சை விரிப்பு போட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், தேவைக்கு மீறி இரைந்த ஒலிபெருக்கி. சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது; அதன் மேல் "கைவிடப்பட்டவை" என்று எழுதியிருந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான அட்டைகளோடு ஒரு மூக்குக்கண்ணாடியும் ஒரு குடையும் இருந்தன. மூன்றாம் தளத்தில் பேரவையின் உறுப்பினர் ஐவரும் வீற்றிருந்தனர்.

மெக்கானிக்குக்கு எதிரே அமர்ந்தவர் ஒரு கணக்கு டீச்சர். விதிநூலின் மூன்று தொகுதிகளையும் அடிக்கோடிட்டுப் படித்தவர். விடைத்தாளைத் திருத்துபவரின் கூர்மையோடு எதிராளியின் அட்டைகளைப் பார்ப்பவர்.

"முதல் தடவையா சார்?"

"ஆமா டீச்சர். கடைசித் தடவையும் இதுதான்."

ஒவ்வொருவருக்கும் இருபது மூச்சு. எதிராளி அடிக்க அடிக்க மூச்சு குறையும்; மூச்சு தீர்ந்தவர் தோற்றவர். இவ்வளவுதான் ஆட்டம். மற்றவை அனைத்தும் பேரவை.

மெக்கானிக் சொன்னபடி வரிசையாக வைத்தார். மூன்றாவதாக ஆமை வந்தது. டீச்சர் "வலை" என்னும் அட்டையை வீசி ஆமையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"டீச்சர், அது என் வீட்டுக்காரியோடது."

"பயப்படாதீங்க சார். ஆட்டம் முடிஞ்சதும் உங்ககிட்டயே வந்துடும். தோத்தவர் கார்டெல்லாம் தோத்தவரோடவே போயிடும்."

"அப்ப சீக்கிரம் தோக்கடிச்சுடுங்க."

டீச்சர் அதற்கு ஏற்ற அட்டை ஒன்றை வைத்தார். பெயர் துக்க மணி. அது இருந்தால் அவருடைய அடி ஒவ்வொன்றும் இரட்டிப்பாகும். அதற்கு ஈடாக, அவர் பக்கத்திலிருந்து ஆமை போன்ற ஓர் உயிர் நீங்கினால் மணி ஒலிக்கும், எதிராளிக்கு ஐந்து மூச்சு சேரும். இரண்டு அடியில் மெக்கானிக்கின் மூச்சு தீர்ந்தது. அப்போது நேரம் பத்து இருபத்தாறு. அவர் மலர்ந்த முகத்தோடு எழப்போனார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் டீச்சர். அவருடைய நெற்றி சுருங்கியிருந்தது. கற்றவர்க்கே உரிய தவறு ஒன்றை அவர் அப்போது செய்தார். யாரும் கேட்காத வினாவை உரக்கக் கேட்டுவிட்டார். "நீங்க தோத்துட்டீங்க. அதனால ஆமை என் பக்கத்துல இருந்து போகுது. போனா மணி அடிக்கும். அடிச்சா உங்களுக்கு அஞ்சு மூச்சு. அஞ்சு மூச்சு இருந்தா நீங்க தோக்கலையே?"

"சரி, தோக்கலை. திரும்ப அடிங்க."

"தோக்கலைன்னா ஆமை போகலை. போகலைன்னா மணி அடிக்கலை. அப்ப உங்களுக்கு மூச்சே இல்லை. தோத்துட்டீங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"தோத்தா ஆமை போகுமே சார்!"

பிறந்து இறந்து மீண்டும் பிறக்கும் சுழலிலிருந்து விடுவிக்குமாறு இறைவனிடம் உருகிப் பாடியவர்கள் உண்டு. அவர்களுக்காவது ஒரு பிறவிக்கும் மறு பிறவிக்கும் இடையே ஓர் ஆயுட்காலம் கிடைத்தது. மெக்கானிக்கோ நிமிடத்துக்கு நான்கு முறை தோற்று நான்கு முறை மீண்டார்.

நடுவர் அழைக்கப்பட்டார். கறுப்பு மேலங்கியில் "நடுவர், இரண்டாம் நிலை" என்ற வில்லை தொங்கியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மெல்லத் தலையசைத்தார்.

"இரண்டாம் நிலை நடுவர் ஐயம் எழுப்பலாம். தீர்க்கக் கூடாது."

"சார், நானே ஒத்துக்கறேன். தோத்துட்டேன். எழுதிக் குடுக்கட்டுமா?"

"தோற்றதாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தோற்க உரிமை இல்லை. உட்காருங்கள்."

"அப்ப நான் எந்திரிச்சுப் போயிட்டா?"

நடுவர் கண்ணாடி அலமாரியைச் சுட்டினார். "தீர்ப்புக்கு முன் நாற்காலியை விட்டு எழுந்தவர் கைவிட்டவர் ஆவார். வழக்கிலுள்ள அட்டை பேரவைக்குச் சேரும்." இவ்வாறு கூறி, மேசையிலிருந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை எடுத்து ஆமையின் மேல் கவிழ்த்தார்.

மெக்கானிக் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்குப் பேரவைத் தலைவர் மின்தூக்கியில் இறங்கி வந்து, ஆமையைக் குனிந்து பார்த்து, ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"ஆட்டக்காரர்களே! பேரவை யாருக்கும் பகையன்று. ஆட்டத்தை ஆடுபவர்களிடமிருந்து காப்பது ஒன்றே அதன் பணி. இப்படி ஓர் ஐயம் எழுந்ததற்கு நான் வருந்தவில்லை, மகிழ்கிறேன். தீர்ந்துபோன ஐயத்தால் யாருக்கு என்ன பயன்? சென்ற ஆண்டு நாம் ஒன்பது ஐயங்களைத் தீர்த்தோம். அவற்றிலிருந்து முப்பத்தொரு புதிய ஐயங்கள் பிறந்தன. இத்தகைய வளர்ச்சியை வேறு எந்த அமைப்பு காட்டியிருக்கிறது? ஆட்டமில்லாமலும் பேரவை இயங்க முடியும் என்பதை வரும் ஆண்டுகளில் மெய்ப்பிப்போம் என்று உறுதி கூறுகிறேன்."

கைதட்டல் எழுந்தது. அவர் மேலே சென்றார்.

மேலே இரு கட்சிகள் இருந்தன. ஆமை நீங்குவதற்கு முன்பே மணி ஒலிக்கும் என்பார் இருவர், அவர்கள் முன்மணியார். நீங்கிய பின்பே ஒலிக்கும் என்பார் இருவர்; அவர்கள் பின்மணியார். ஒரே அறையில் பதினேழு ஆண்டுகளாக அமர்ந்திருந்தும் இரு கட்சியாரும் தனித்தனிப் பிளாஸ்க்கில் தேநீர் வைத்துக்கொள்வர். கருத்து சமமாகப் பிரிந்தால் தலைவரின் வாக்கு முடிவு செய்யும். தலைவர் அந்த வாக்கை இதுவரை ஒருமுறையும் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தினால் தீர்ந்துவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது.

பன்னிரண்டரைக்கு மெக்கானிக் கழிப்பறை செல்ல வேண்டியவரானார். அதற்கும் நூற்பா இருந்தது. எழுந்தவரின் நாற்காலியில் அவருடைய "உரு" அமர்ந்தால் அவர் எழவில்லை என்று கொள்ளப்படும். உருவாக அமர்வதற்குப் பேரவையின் எழுத்தர் ஒருவர், அட்டைகளுக்கான விவரப் படிவத்தோடு மேலிருந்து இறங்கி வந்தார்.

"இனம்?"

"மனுசன்."

"உட்பிரிவு?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"வலிமை?"

"எவ்வளவுன்னு எப்படிச் சொல்றது? மோட்டாரைத் தனியா தூக்குவேன்."

எழுத்தர் குறித்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து, மெக்கானிக்கைப் போலவே கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். மெக்கானிக் திரும்பி வருவதற்குள் நடுவர் எழுத்தரிடம் இருமுறை "தோற்றதாகச் சொல்கிறீரா?" என்று கேட்டுப் பதிவு செய்திருந்தார்.

கழிப்பறையில் இருந்தபோதே மெக்கானிக் மனைவியைக் கைப்பேசியில் அழைத்தார்.

"என்னங்க, தோத்தாச்சா?"

"முயற்சி பண்ணிக்கிட்டிருக்கேன்."

"ஆமை?"

"கிண்ணத்துக்குள்ள இருக்கு."

 மனைவி, "பார்த்துக்கங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

இரண்டு மணிக்கு டீச்சர் தம் நாற்காலியை முன்னே இழுத்தார். "சார், அந்த ஆமையை ஏன் இப்படிப் பாத்துக்கிட்டே இருக்கீங்க? சாதா கார்டுதானே? என்கிட்டயே நாலு இருக்கு. ஒண்ணு வேணா தர்றேன்."

மெக்கானிக் மாமனாரைப் பற்றிச் சொன்னார். டீச்சர் தம் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார், மீண்டும் மூடினார்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் அண்ணே."

"நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர். கணக்கு தப்பா இருந்தா கண்ணுல படத்தானே செய்யும்."

மூன்றேகாலுக்குப் பேரவை இறங்கி வருவதாக ஒலிபெருக்கி அறிவித்தது. ஐவர், எழுத்தர், மூன்று தொகுதிகள், அவற்றின் உரைகள், இரண்டு பிளாஸ்க் யாவும் ஒரே மின்தூக்கியில் ஏறின. எடை அதிகம் என்று அது ஒலியெழுப்பியது. அது நூற்பாவன்று என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. சற்று நேரத்தில் மேலிருந்து 'டக்' என்று ஓசை கேட்டது. மெக்கானிக் நிமிர்ந்தார்.

"ரெண்டாவது மாடிக்கும் ஒண்ணாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு."

நடுவர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதில் தலைவரின் குரல் வந்துகொண்டிருந்தது. "உங்களுக்கு லிஃப்ட் வேலை தெரியுமாமே! வாங்க, வாங்க!" என்றார் நடுவர். பதற்றத்தில் அவருடைய செந்தமிழ் கழன்று விழுந்திருந்தது.

மெக்கானிக் பாதி எழுந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"உள்ள லைட் எரியுதா? ஃபேன் ஓடுதா?"

"ரெண்டும் இருக்கு."

"அப்ப உசுருக்கு ஒண்ணும் ஆகாது. சார், நான் இப்ப எந்திரிச்சா கைவிட்டதா ஆகுமா?"

நடுவர் மேலங்கியின் வில்லையைத் தடவினார். "ஆகும்."

"அப்ப அந்த எழுத்தரை உக்கார வைங்க."

"அவரும் உள்ளதான் இருக்காரு."

மெக்கானிக் கைப்பேசியை நோக்கிக் குனிந்தார். அவர் குரலில் வஞ்சம் ஏதும் இல்லை. வேலைக்கு முன் மின்சாரம் துண்டித்தாகிவிட்டதா என்று கேட்பவரின் அக்கறையே இருந்தது. "ஐயா, வர எனக்கு ஒண்ணும் இல்ல. நான் தோத்துட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உடனே வந்துடறேன்."

உள்ளே விவாதம் தொடங்கியது. மண்டபம் முழுவதும் அதைக் கேட்டது.

"ஆமை நீங்குமுன் மணி ஒலிக்கும் என்பது எமது துணிபு."

"நாற்காலியில்லாமல் பேரவை கூடலாமா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்."

"தொகுதி இரண்டின் மேல் உட்காரலாம்."

"உரையின் மேல் உட்காரலாம், நூற்பாவின் மேல் உட்காரலாகாது."

இருபது நிமிடம் சென்றபின் ஒரு மெலிந்த குரல் எழுந்தது. பின்மணியாருள் மூத்தவர் அவர்; தம் கட்சியின் பிளாஸ்க்கைத் தனியொருவராகக் குடித்து முடித்திருந்தவர். "தலைவரே, எனக்கு அவசரமா ஒரு இடத்துக்குப் போகணும்."

"உருவை அமர்த்திவிட்டுச் செல்லலாம்."

"எங்கய்யா போறது? நாலு பக்கமும் தகரம்!"

அதன்பின் தொகுதிகள் சரியும் ஓசை கேட்டது. யாரோ "மிதிக்காதே" என்றார். பிறகு, பதினேழு ஆண்டுகள் காத்துவைத்த வாக்கு தலைவரின் வாயிலிருந்து வெளிப்பட்டது.

"யோவ், நீ தோத்துட்டய்யா! காலையிலயே தோத்துட்ட! நல்லா தோத்துட்ட! வந்து கதவைத் திறய்யா!"

டீச்சர் சிவப்புப் பேனாவால் அதை எழுத்துப் பிசகாமல் எழுதி, நேரமும் குறித்து, தாளை நடுவர் முன் தள்ளினார். "சாட்சிக் கையெழுத்து போடுங்க."

"நான் இரண்டாம் நிலை..."

"காதுல விழுந்துச்சா இல்லையா?"

நடுவர் கையெழுத்திட்டார். டீச்சர் கிண்ணத்தைத் தூக்கி ஆமையை எடுத்து, இரு கைகளாலும் மெக்கானிக்கிடம் நீட்டினார். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, காவலாளியிடம் மொட்டைமாடி மோட்டார் அறைச் சாவியை வாங்கிப் படியேறினார். மின்சாரத்தைத் துண்டித்தார், பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, பெட்டியை முதல் தளத்துக்குக் கொண்டுவந்தார், கீழிறங்கிச் சாவிக்கொத்திலிருந்த முக்கோணச் சாவியால் கதவைத் திறந்தார். எட்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. மூத்த பின்மணியார் யாரையும் நோக்காமல் ஓடினார்.

தலைவர் கடைசியாக வெளியே வந்து, மேலங்கியை நீவிவிட்டுக்கொண்டார். அதனுடன் அவருடைய தமிழும் நேரானது.

"மின்தூக்கியினுள் யாம் கூறியது தீர்ப்பன்று, கூக்குரல். நூற்பா இருநூற்றாறின்படி பேரவை கூடும் இடம் ஒரு தளமாதல் வேண்டும். இரு தளங்களுக்கு நடுவே பேரவை இல்லை. ஆகவே இவர் தோற்கவில்லை. தோற்காதவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். ஆமை பேரவைக்கு உரியது."

அவர் கையை நீட்டினார். மெக்கானிக் சட்டைப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"ஐயா," என்றார் பின்னாலேயே படியேறி வந்திருந்த டீச்சர், "ஒரு சந்தேகம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் நால்வரும் தம்மையறியாமல் அவர் பக்கம் திரும்பினர்.

"நீங்க சொன்ன வார்த்தையாலதான் இவர் எந்திரிச்சார். அந்த வார்த்தை இல்லைன்னா இவர் எந்திரிக்கவே இல்லை. சரியா?"

"சரி."

"எந்திரிக்கலைன்னா இவர் இன்னும் கீழ நாற்காலியிலதான் இருக்கார். அப்ப கதவை யாரும் திறக்கலை."

"திறக்கவில்லை," என்றார் இளைய முன்மணியார். அவர் கண்கள் ஒளிரத் தொடங்கியிருந்தன. "திறக்கவில்லையெனில் பேரவை இன்னும் உள்ளேயே இருக்கிறது!"

"உள்ளே இருக்கும் பேரவை வெளியே வந்து ஆமையைக் கேட்க முடியாதே," என்றார் எஞ்சியிருந்த பின்மணியார்.

"கேட்கவில்லையெனில், முதலில் சொன்ன வார்த்தை நிற்கும். நின்றால் கதவு திறந்தது. திறந்தால் கேட்கலாம்!" என்றார் இளையவர்.

நால்வர் முகத்திலும் நெடுநாள் காணாத உறவினரைக் கண்ட மகிழ்ச்சி பரவியது. இதற்குள் திரும்பி வந்த மூத்தவருக்கு அனைத்தும் மீண்டும் விளக்கப்பட்டது, அவரும் மகிழ்ந்தார். உள்ளே இருப்பவர்கள் வெளியே நின்று விவாதித்தல் முறையன்று என்று தலைவர் கருதினார். ஐவரும் மின்தூக்கியினுள் ஏறினர். எழுத்தர் தொகுதிகளை ஏற்றினார்.

"பழைய இடத்திலேயே, இரு தளங்களுக்கு நடுவே நிறுத்தும்," என்றார் தலைவர்.

"அதெல்லாம் முடியாதுங்க ஐயா. அது தப்பு. இந்த மாடியிலயே இருங்க. மெயினை ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன், வண்டி அசையாது. முடிஞ்சதும் கதவை உள்ளயிருந்தே கையால தள்ளுங்க, திறந்துக்கும்."

"முடிந்தால் அல்லவா?" என்று கூறிய தலைவர், கதவை மூடுமாறு சைகை காட்டினார்.

மெக்கானிக் மூடினார். 'பழுது' என்ற பலகையைக் கதவில் மாட்டினார். கம்பெனிக்குத் தகவல் சொன்னார். டீச்சர் கீழே போய்த் தம் கட்டை அடுக்கிக்கொண்டார். துக்க மணியை மட்டும் மேசைமேலேயே விட்டுவிட்டார்.

ஆறு மணிக்கு மனைவி பணி முடிந்து வந்தபோது ஆமை சமையலறை மேடைமேல் இருந்தது. அவர் சீருடையைக்கூடக் களையாமல் அதை எடுத்துப் பார்த்தார். முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"சரி, தோத்தீங்களா இல்லையா?"

"தெரியலைம்மா," என்றார் மெக்கானிக். "உள்ள இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க."